ஹோபார்ட் குடும்பத்து ஏர்ல் பட்டம் யார் யாருக்குப் போனது?

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தில் பிரபுப் பட்டம் அப்பாவுக்குப் பின் மகனுக்குப் போகும், தெரியும். மகன் இல்லையென்றால்? மகளுக்குக் கிடையாதா? நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை பார்த்த ஒருவர் திடீரென்று ஏர்ல் ஆனதாகப் படித்தேன், அது எப்படி? அப்புறம், சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருக்கும் லார்ட் ஹோபார்ட்டும், டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரத்துக்குப் பெயர் கொடுத்த லார்ட் ஹோபார்ட்டும் ஒரே ஆளா?"

கேட்டவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே குடும்பத்தில் கிடைக்கிறது. அந்தத் தோட்டக்காரரும் இந்த இரண்டு ஹோபார்ட்டுகளும் ஒரே வம்சம். அவர்கள் பட்டத்தின் பெயர் 'ஏர்ல் ஆஃப் பக்கிங்ஹாம்ஷயர்'. அதனால் பொதுவிதியைத் தனியாகச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு எழுத்துப் பிரச்சினை. ஆங்கிலேயப் பிரபுக்களில் ஐந்து படிகள்: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியாக ஒன்று. அந்தக் கடைசியைப் 'பேரன்' என்று எழுதினால் வம்சாவளிக் கதையில் யார் பேரன், யார் நிஜப் பேரன் என்று தெரியாமல் போய்விடும். அதனால் 'பாரன்' என்றே எழுதுகிறேன். பாரனட் என்று இன்னொன்று உண்டு. அதுவும் பரம்பரைப் பட்டம்தான், ஆனால் பிரபுக் கணக்கில் சேராது. பிரபுக்கள் சபையில் இடமும் கிடையாது.

இப்போது விதி. ஏர்ல் பட்டம் கொடுக்கும்போது அரசர் ஒரு பட்டயம் எழுதிக் கொடுப்பார். அந்தப் பட்டயத்தில் பட்டம் யாருக்கு இறங்கும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான பட்டயங்களில் அந்த வரி ஒன்றேதான்: பட்டம் பெற்றவருடைய உடலில் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு. இந்த 'உடலில்' என்ற சொல்தான் முக்கியம். பட்டம் வாங்கிய முதல் ஆளின் மகன், மகனுடைய மகன் என்று ஆண் வழியாகவே இறங்கியவர்களுக்கு மட்டும்தான் உரிமை. நம் சொல்லில் சொன்னால் பங்காளிகளுக்கு மட்டும். மாமன், மச்சான், மருமகன், மகள் வயிற்றுப் பேரன் யாருக்கும் கிடையாது. முதல் ஆளின் சொந்தத் தம்பிக்கும் கிடையாது, ஏனென்றால் தம்பி அவர் உடலில் பிறந்தவர் இல்லையே.

இதில் அரசருக்கு மறுபடி வேலையே இல்லை. ஏர்ல் கண்ணை மூடிய அந்த நொடியே அடுத்தவர் ஏர்ல். உயில் எழுதி மாற்ற முடியாது, விற்க முடியாது, பிடித்த பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. இறந்தவருடைய மனைவி கர்ப்பமாக இருந்தால் மட்டும், பிறப்பது ஆணா பெண்ணா என்று தெரியும்வரை பட்டம் காத்திருக்கும்.

சரி, ஹோபார்ட்டுகளுக்கு வருவோம். குடும்பத்தை நிறுத்தியவர் சர் ஹென்றி ஹோபார்ட், முதலாம் ஜேம்ஸ் காலத்துத் தலைமை நீதிபதி. 1611இல் பாரனட் பட்டம் முதன்முதலாக உண்டாக்கப்பட்டபோதே வாங்கிக்கொண்டவர். நார்ஃபோக் மாவட்டத்தில் பிளிக்லிங் என்ற எஸ்டேட்டை வாங்கி, இன்றும் ஜனங்கள் போய்ப் பார்க்கும் சிவப்புச் செங்கல் மாளிகையைக் கட்டினார். இந்த மாளிகையை மறந்துவிட வேண்டாம், பின்னால் வரும்.

அவருடைய வழியில் நாலாவது பாரனட், அவரும் ஒரு சர் ஹென்றிதான், 1698இல் தேர்தலில் தோற்றார். தான் போரில் கோழைத்தனமாக நடந்துகொண்டதாக ஆலிவர் லெ நீவ் என்பவர் வதந்தி கிளப்பியதால்தான் தோற்றேன் என்று அவரை வாள்சண்டைக்கு அழைத்தார். ஆகஸ்ட் மாதம், காஸ்டன் என்ற ஊருக்கு வெளியே புதர்க்காடு. பக்கத்தில் நின்று சாட்சி சொல்ல ஆள்கூட இல்லை. லெ நீவ் இடதுகைக்காரர். அவருக்குக் கையில்தான் காயம், சர் ஹென்றிக்கோ வயிற்றில் குத்து. மறுநாள் பிளிக்லிங்கில் உயிர் போயிற்று. சண்டை நடந்த இடத்தில் தலைப்பில் கலசம் வைத்த ஒரு சின்னக் கல்தூண் இன்றும் நிற்கிறது. அதில் எச். எச். என்று இரண்டே எழுத்து.

அவர் விட்டுப்போன மகன் ஜானுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. பட்டத்துக்கு வயது தேவையில்லை என்பதால் அந்தக் குழந்தைதான் ஐந்தாவது பாரனட். குடும்பம் கடனிலும் சாவிலும் ஆடிப்போன சமயம். அதைத் தூக்கி நிறுத்தியது வாள் அல்ல, ஜானின் அக்கா ஹென்ரியெட்டா. அவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் காதலியாகப் பல வருடங்கள் அரண்மனையில் இருந்தவர். 1727இல் ஜார்ஜ் அரியணை ஏறினார், 1728இல் தம்பி பாரன் ஹோபார்ட் ஆனார். 1746இல் ஏர்ல் ஆஃப் பக்கிங்ஹாம்ஷயர். பெண்ணின் கையால் வீட்டுக்குள் வந்த பட்டம், பெண்ணுக்குப் போகக் கூடாது என்ற வரியோடு வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

பக்கிங்ஹாம்ஷயர் என்பது ஒரு மாவட்டம். ஏர்லுக்கு அங்கே ஆட்சியோ வரியோ எதுவும் கிடையாது. அவருடைய நிலபுலன் நார்ஃபோக்கில், பட்டத்தின் பெயர் வேறு மாவட்டத்தில். 18ஆம் நூற்றாண்டில் இது சர்வசாதாரணம்.

இரண்டாவது ஏர்ல், ஜானின் மகன் இன்னொரு ஜான். ரஷ்யாவில் இரண்டாம் கேத்தரினின் அரசவையில் தூதராக இருந்தார், பிறகு அயர்லாந்தில் அரசப் பிரதிநிதி. இரண்டு கல்யாணம். ஆண் குழந்தைகள் தங்கவில்லை. பெண்கள் தங்கினார்கள், நன்றாகவும் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள். ஒரு மகளின் கணவர்தான் நெப்போலியன் காலத்து வெளியுறவு அமைச்சர் காசில்ரே. 1793இல் ஏர்ல் இறந்தபோது நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

பட்டம் அவருடைய தம்பிக்குப் போயிற்று. சிற்றன்னைக்குப் பிறந்த தம்பி, பெயர் ஜார்ஜ். தம்பிக்குக் கிடையாது என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்பீர்கள். கிடையாது என்றது முதல் ஏர்லின் தம்பிக்கு. இந்த ஜார்ஜ் முதல் ஏர்லின் மகன், இளைய தாரத்துப் பிள்ளை. 'உடலில் பிறந்த' என்று எப்போதும் எண்ணத் தொடங்குவது முதல் ஆளிடமிருந்துதான், இறந்தவரிடமிருந்து அல்ல. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஆனால் பிளிக்லிங் மாளிகையும் நிலமும் தம்பியோடு போகவில்லை. மகள் கரோலினுக்குப் போயிற்று. நிலம் என்பது உயிலும் குடும்ப ஒப்பந்தமும் சம்பந்தப்பட்ட விஷயம். எழுதிவைத்தால் மகள் வாங்கலாம். பட்டத்தை எழுதிவைக்க முடியாது. ஆக மூன்றாவது ஏர்லுக்கு அண்ணனின் பெயர் வந்தது, அண்ணனின் வீடு வரவில்லை. பட்டமும் சொத்தும் தனித்தனியாகப் போய்விடக் கூடாது என்பதற்காகவே நிலத்தையும் ஆண் வாரிசுக்குக் கட்டிவைக்கும் பத்திரங்களைப் பெரிய குடும்பங்கள் எழுதிவைத்தன. இந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை. கரோலின் 1850இல் பிள்ளையில்லாமல் இறந்தபோது பிளிக்லிங் அவருடைய சகோதரியின் பேரனான லோதியன் மார்க்விஸுக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் 11ஆவது மார்க்விஸ் 1940இல் இறந்தபோது உயிலில் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். ஹோபார்ட் கட்டிய வீடு, பெண்கள் வழியாகவே நடந்து, பொதுச் சொத்தாகிவிட்டது.

மூன்றாவது ஏர்ல் ஜார்ஜுக்கு நாடகமும் ஆபராவும் நடத்துவதில்தான் ஆர்வம். மனைவி ஆல்பினியா லண்டனில் சீட்டாட்டக் களம் நடத்தியே பேர்வாங்கியவர். கேலிச்சித்திரக்காரர்கள் அந்த அம்மாவை விட்டுவைக்கவில்லை. அதற்கு மேல் இவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இவர்களுடைய தலைச்சன் பிள்ளை ராபர்ட். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த முதல் ஹோபார்ட் இவர்தான்: 1794 முதல் 1798 வரை மதராஸ் கவர்னர். டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு எல்லாவற்றையும் 1795, 96இல் கம்பெனி பிடித்தது இவர் காலத்தில், மதராஸிலிருந்து போன படையால். ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரத்தில் கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் ஜான் ஷோருடன் மோதிக்கொண்டு, கடைசியில் திருப்பி அழைக்கப்பட்டார்.

இவரை ஆவணங்களில் 'லார்ட் ஹோபார்ட்' என்றே பார்ப்பீர்கள். ஆனால் அப்போது இவர் பிரபுவே இல்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், அப்பாதான் ஏர்ல். ஒரு ஏர்லுக்குப் பெரும்பாலும் அடியில் சின்னப் பட்டங்கள் இருக்கும். இந்தக் குடும்பத்தில் 1728இல் வந்த பாரன் ஹோபார்ட் பட்டம். அதை மூத்த மகன் தன் பெயராக மரியாதைக்கு வைத்துக்கொள்ளலாம். ஊர் அவரை லார்ட் என்று கூப்பிடும். சட்டமோ அவரைச் சாதாரணக் குடிமகனாகத்தான் பார்க்கும், மக்கள் சபைத் தேர்தலில்கூட நிற்கலாம். இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. அரசர் விரும்பினால், அப்பா உயிரோடு இருக்கும்போதே அந்தச் சின்னப் பட்டத்தை நிஜமாக்கி, மகனைப் பிரபுக்கள் சபைக்கு அழைக்கலாம். மதராஸிலிருந்து திரும்பிய ராபர்ட்டுக்கு 1798இல் நடந்தது அதுதான். அப்பா ஏர்லாகவும் மகன் பாரனாகவும் ஒரே சபையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு போர், காலனித் துறை அமைச்சரானார். 1804இல் டாஸ்மேனியாவில் புதுக் குடியேற்றம் போட்டவர்கள் மேலிடத்து அமைச்சர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அந்த ஊர்தான் ஹோபார்ட். அதே ஆண்டில் அப்பா இறக்க, இவர் நாலாவது ஏர்ல்.

இவருக்கும் அதே கதி. முதல் மனைவி மார்கரெட்டா மதராஸில் 1796இல் இறந்துபோனார். மகன் தங்கவில்லை, சாரா என்று ஒரு மகள் தங்கினாள். ஊருக்குத் திரும்பி எலினார் ஈடனைக் கட்டிக்கொண்டார். பிரதமர் பிட் கல்யாணம் செய்துகொள்ள யோசித்துப் பின்வாங்கிய பெண் இந்த எலினார். பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்த ஆக்லண்ட் இவருடைய தம்பி. அந்தக் கல்யாணத்தில் குழந்தை இல்லை. 1816இல் லண்டன் பூங்கா ஒன்றில் குதிரையிலிருந்து விழுந்து, அதனால் நாலாவது ஏர்ல் இறந்தார்.

சாரா உயிரோடு இருக்கிறாள், வயது 22. கணவர் ஃபிரெடெரிக் ராபின்சன், அரசியலில் வளர்ந்துவரும் ஆள். 1827இல் அவர் சில மாதங்களுக்குப் பிரதமரும் ஆனார், வைகவுண்ட் கோட்ரிச் என்ற பெயரில். அந்தச் சில மாதங்களுக்குள் டௌனிங் தெரு 10ஆம் எண் வீட்டிலேயே சாராவுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தக் குழந்தைதான் பின்னாளில் வைஸ்ராய் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்தவர், மதராஸ் கவர்னர் ஹோபார்ட்டின் மகள் வயிற்றுப் பேரன். ஏர்லின் ஒரே மகள், பிரதமரின் மனைவி, வைஸ்ராயின் தாய். இத்தனை இருந்தும் சாராவால் அப்பாவின் பட்டத்தைத் தொட முடியவில்லை, மகனுக்குக் கொடுக்கவும் முடியவில்லை.

ரிப்பனுக்குப் பட்டத்துக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம். அப்பாவழியில் ஏர்ல் ஆஃப் ரிப்பன். பெரியப்பா வழியில் ஏர்ல் டி கிரே, அதுவோ 1816இல் ஒரு பெண்மணிக்கே நேரடியாகக் கொடுக்கப்பட்டு, அவருக்குப் பிறகு அவருடைய தங்கையின் வழிக்குப் போகும் என்று எழுதப்பட்ட பட்டயம். 1871இல் சொந்த உழைப்பில் மார்க்விஸ். எல்லாம் அவருடைய ஒரே மகனோடு முடிந்தது. துப்பாக்கி வேட்டையில் இங்கிலாந்தே மெச்சிய அந்த மகன் 1923இல் வேட்டைக்களத்திலேயே சரிந்து விழுந்து இறந்தார், பிள்ளை இல்லை. ரிப்பன் என்ற பெயரில் இன்று கட்டடம் இருக்கிறது, மார்க்விஸ் இல்லை.

1816இல் ஹோபார்ட் பட்டம் எங்கே போனது? நாலாவது ஏர்லுக்கு ஜார்ஜ் வேர் என்று ஒரு தம்பி இருந்தார். 1802லேயே இறந்துவிட்டார். பரவாயில்லை, அவர் நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய மகன் நிற்பார். அப்படி தம்பி மகன் ஜார்ஜ் ராபர்ட் ஐந்தாவது ஏர்ல் ஆனார். கப்பல் வரி கட்ட மாட்டேன் என்று முதலாம் சார்லஸுடன் மோதிய ஜான் ஹாம்டனின் குடும்பச் சொத்து 1824இல் இவருக்கு வந்து சேர்ந்தது, பழைய ஒரு கல்யாண உறவால். அதிலிருந்து வீட்டுப் பெயர் ஹோபார்ட்-ஹாம்டன். அந்த ஹாம்டன் மாளிகை இருப்பது பக்கிங்ஹாம்ஷயரில். பட்டம் வந்து 78 வருடம் கழித்து, பெயரில் இருந்த மாவட்டத்தில் ஏர்லுக்கு ஒரு வீடு கிடைத்தது.

ஐந்தாமவருக்குப் பிள்ளை இல்லை. 1849இல் தம்பி அகஸ்டஸ் எட்வர்ட் ஆறாவது ஏர்ல். இவர் ஒரு பாதிரியார். 90 வயதைத் தாண்டி, 1885 வரை வாழ்ந்தார். அந்த நீண்ட ஆயுள்தான் அடுத்த முடிச்சு.

பாதிரியாரின் மூத்த மகன் வேர் ஹென்றி. 1872இல் மதராஸ் கவர்னராக வந்தார், மரியாதைப் பெயரோ வழக்கம்போல லார்ட் ஹோபார்ட். 1875 ஏப்ரலில் மதராஸிலேயே டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். செயின்ட் மேரி தேவாலயத்தில் இருப்பவர் இவர்தான். ஆக இரண்டு லார்ட் ஹோபார்ட்டுகள், இரண்டு பேரும் மதராஸ் கவர்னர்கள், நடுவில் 80 வருடம். முன்னவர் பின்னவருடைய தாத்தாவின் அண்ணன். முன்னவர் ஊருக்குப் போய் ஏர்ல் ஆனார். பின்னவர் ஏர்ல் ஆகவே இல்லை, ஏனென்றால் அப்பா அவருக்குப் பின்னும் பத்து வருடம் இருந்தார். ராயப்பேட்டையில் முஸ்லிம் பெண்களுக்கான ஹோபார்ட் பள்ளி என்று ஒன்று இருப்பது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் இந்தப் பின்னவர் குடும்பத்துடையது.

வேர் ஹென்றிக்கு மகன் இல்லை. அடுத்த தம்பி ஃபிரெடெரிக்கும் அப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் சிட்னி என்று ஒரு மகனை விட்டுவிட்டு. பாதிரியாரின் மூன்றாவது மகன் அகஸ்டஸ் சார்லஸ் உயிரோடு இருக்கிறார், அதுவும் சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் முற்றுகையைத் தாண்டித் தெற்குக்குச் சரக்குக் கடத்தியவர், பிறகு துருக்கி சுல்தானின் கடற்படைக்குத் தலைவராகி 'ஹோபார்ட் பாஷா' என்று ஐரோப்பா முழுக்கப் பேர்வாங்கியவர். 1885இல் கிழவர் இறந்தபோது பட்டம் யாருக்கு? உயிரோடிருக்கும் மகனுக்கா, இறந்துபோன மகனின் மகனுக்கா? நம் வீடுகளில் இதற்குப் பஞ்சாயத்தே கூட்டியிருப்பார்கள். ஆங்கிலேய விதியில் சந்தேகமே இல்லை: மூத்தவன் கிளை முழுசாக வற்றினால்தான் இளையவன் கிளைக்குத் தண்ணீர். 25 வயது சிட்னி ஏழாவது ஏர்ல் ஆனார். பாஷா பாஷாவாகவே இருந்து மறு வருடம் இறந்தார்.

இங்கே தத்து பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தத்துப்பிள்ளைக்கு இந்தப் பட்டத்தில் இடமே இல்லை. கல்யாணத்துக்கு முன் பிறந்து, அப்புறம் பெற்றோர் கல்யாணம் செய்துகொண்டாலும் இங்கிலாந்துப் பட்டத்துக்கு அந்தப் பிள்ளை ஆகாது. தத்து என்றதும் டல்ஹௌசி ஞாபகம் வராமல் இருக்காது. ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்கியது அவர் காலத்தில்தானே. 1855இல் தஞ்சாவூர் சிவாஜி மன்னர் மகனில்லாமல் இறந்தபோது, மகள் இருந்தும் ராஜா பட்டம் முடிந்துபோனதாக அறிவித்தார்கள். டல்ஹௌசிக்கு 1849இல் மார்க்விஸ் பட்டம் கிடைத்திருந்தது. அவருக்கும் இரண்டு மகள்கள்தான். 1860இல் அவர் இறந்ததும் அந்த மார்க்விஸ் பட்டமும் அவரோடு போயிற்று. குடும்பத்தின் பழைய ஏர்ல் பட்டம் மட்டும் ஒரு பங்காளிக்குப் போனது.

அப்படியானால் பெண்ணுக்கு வழியே இல்லையா என்றால், பட்டயத்தில் எழுதினால் உண்டு. 1881 முதல் 85 வரை மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் நல்ல உதாரணம். 1892இல் அவருக்கு பாரன் பட்டம், வழக்கமான ஆண் வாரிசு வரியோடு. 1899 டிசம்பரில் அவருடைய ஒரே மகன் தென்னாப்பிரிக்காவில் கொலன்ஸோ சண்டையில் அடிபட்டு இறந்தான். 1901இல் ஏர்ல் பட்டம் கொடுத்தபோது, மகள்களுக்கும் அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளுக்கும் இறங்கலாம் என்று எழுதினார்கள். 1914இல் அவர் இறந்தபோது ஒரே மனிதரின் இரண்டு பட்டங்கள் இரண்டு பக்கம் போயின. பாரன் பட்டம் அழிந்தது, ஏர்ல் பட்டம் மூத்த மகள் ஐலினுக்குப் போனது, பிறகு தங்கை எட்வினாவுக்கு. எட்வினாவின் ஒரே மகன் 1940இல் நார்வே போரில் செத்துப்போனான். 1955இல் எட்வினாவோடு அதுவும் முடிந்தது. மௌன்ட்பேட்டனுக்கும் மகள்கள்தான் என்பதால் இதேபோல எழுதிக் கொடுத்தார்கள். 1979இல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்ரிஷியா அந்தப் பட்டத்துக்கு வந்தார்.

பட்டயமே இல்லாமல், பழங்காலத்தில் சபைக்கு வரச்சொல்லி அனுப்பிய ஓலையாலேயே உண்டான பாரன் பட்டங்கள் வேறு ரகம். அவை மகளுக்கு இறங்கும். ஆனால் இரண்டு மகள்கள் இருந்தால் இருவரும் சமம், பட்டத்தை வெட்டிப் பங்கு போட முடியாது, அதனால் அப்படியே தொங்கும். கிரே ஆஃப் காட்னர் என்ற பட்டம் 1496இல் தொங்கத் தொடங்கி 1989இல்தான் கீழே இறங்கியது.

பட்டயத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு டெவன் ஏர்ல் பட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1553இல் மேரி அரசி, லண்டன் கோபுரச் சிறையில் 15 வருடம் கிடந்த எட்வர்ட் கோர்ட்னியை வெளியே விட்டு டெவன் ஏர்ல் ஆக்கினார். பட்டயத்தில் 'ஆண் வாரிசுகளுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது, 'உடலில் பிறந்த' இல்லை. மூன்று வருடத்தில் அவர் கல்யாணமாகாமல் இத்தாலியில் பதுவா நகரில் இறந்தார். பட்டம் செத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள், அரசர்கள் அதே பெயரைத் தூக்கி வேறு ஆட்களுக்கும் கொடுத்தார்கள். 275 வருடம் கழித்து, 1831இல், பவுடர்ஹாம் கோட்டைக் கோர்ட்னிகள் வந்து அந்த விட்டுப்போன சொல்லைக் காட்டினார்கள். உடல் என்று இல்லாததால் பக்கத்துக் கிளைப் பங்காளிகளுக்கும் உரிமை உண்டு என்று பிரபுக்கள் சபை ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் வழக்கின் பலன் கிடைத்த கோர்ட்னி அப்போது பாரிஸில் தலைமறைவாக வாழ்ந்துகொண்டிருந்தார், மனைவி மக்கள் இல்லை. அடுத்த வாரிசோ நாடாளுமன்றத்திலேயே எழுத்தராக வேலை பார்த்த உறவினர். யாருக்கு இதில் அக்கறை இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 1869இல் இதேபோல வில்ட்ஷயர் பட்டத்துக்கு, 1397ஆம் ஆண்டுப் பட்டயத்தை எடுத்துக்கொண்டு ஸ்குரோப் குடும்பம் வந்தபோது, அதே சபை முடியாது என்றுவிட்டது. டெவன் தீர்ப்பே தப்பு என்கிற தொனியில் பேசினார்கள். ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவில்லை. என்னைக் கேட்டால் 1869தான் சரியான தீர்ப்பு. டெவன்காரர்களுக்கு அதிர்ஷ்டம்.

இப்போது தோட்டக்காரர். ஏழாவது ஏர்ல் சிட்னி 1930இல் இறந்தார், மகன் ஜான் எட்டாவது. ஜான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1963 ஜனவரியில் அவர் இறந்ததும் சிட்னியின் கிளை வற்றியது. அப்போது செய்ய வேண்டியது, வம்சாவளியில் ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறி, ஆண் வழி அறுபடாமல் கீழே இறங்கிய அடுத்த கிளை எது என்று பார்ப்பது. அந்தக் கிளையின் நுனியில் இருந்தவர் வேர் ஃபிரெடெரிக் சிசில் ஹோபார்ட்-ஹாம்டன். அத்தனை நீளப் பெயரை அவர் உபயோகிக்கவில்லை. தேம்ஸ் முகத்துவாரத்துக் கடற்கரை ஊரான சவுத்எண்டில் மாநகராட்சிப் பூங்காக்களில் வேலை பார்த்தவருக்கு, கூட இருந்தவர்கள் மத்தியில் பெயர் ஃபிரெட் ஹோபார்ட். அவ்வளவுதான். வயது 60ஐத் தாண்டியிருந்தது.

பாத்தி கட்டிப் பூச்செடி நட்டவர் ஒன்பதாவது ஏர்ல் ஆஃப் பக்கிங்ஹாம்ஷயர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, தகுதி பார்க்கவில்லை. பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும் வரிசையாகப் பொருந்தினால் போதும். 1999வரை பரம்பரைப் பிரபுக்கள் எல்லோருக்கும் பிரபுக்கள் சபையில் இடம் இருந்ததால், அவருக்கும் சட்டம் இயற்றும் சபையில் ஓர் இருக்கை வந்தது. மாளிகை தானாக வரவில்லை. அது ஏன் என்று பிளிக்லிங் கதையிலேயே பார்த்தோம்.

வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதே 1963 ஜூலையில்தான் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. அப்பாவின் வைகவுண்ட் பட்டம் தலையில் விழுந்ததால் மக்கள் சபை இடத்தை இழந்த டோனி பென் போராடி வாங்கிய சட்டம் அது. துறந்தாலும் பட்டம் அழியாது. துறந்தவர் உயிரோடு இருக்கும்வரை தூங்கும், பிறகு அவர் வாரிசிடம் எழுந்துவிடும். பென் 2014இல் இறந்ததும் அவர் மகனிடம் எழுந்தது. ஃபிரெட் ஹோபார்ட் துறக்கவில்லை, 20 வருடம் ஏர்லாக இருந்தார்.

1983இல் அவருக்கும் மகன் இல்லை. மறுபடி மரத்தில் ஏறி, இன்னொரு கிளையில் இறங்கி, மைல்ஸ் ஹோபார்ட்-ஹாம்டனைக் கண்டுபிடித்துப் பத்தாவது ஏர்ல் என்று எண் போட்டார்கள்.